கிரே, ராட், சீவெர்ட், ராண்ட்ஜன்: கதிர்வீச்சு டோஸ் அலகுகளை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் கதிர்வீச்சு டோஸ் கணக்கோடு புழங்குகிறவர்கள் பல தரப்பினர். ஜிப்மர் போன்ற இடங்களில் கதிர் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினர், ஸ்கேன் சென்டர் டெக்னீஷியன்கள், கதிரியல் படிக்கும் மாணவர்கள், சிப்காட்டிலும் நெய்வேலியிலும் வெல்டிங் மூட்டுகளைப் படம்பிடிக்கும் ரேடியோகிராபர்கள். இவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே இருக்கின்றன. நூறால் பெருக்குவதும் வகுப்பதும் யாருக்கும் சிரமமில்லை. எந்த அளவை, எதில், எவ்வளவு நேரத்துக்குச் சொல்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. அதனால் பதில்களில் அந்த இடங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் நேரடிக் கணக்கு. எதை எதால் பெருக்க வேண்டும்?

உறிஞ்சப்பட்ட டோஸ் என்பது ஒரு கிலோ பொருளில் கதிர்வீச்சு விட்டுச்செல்லும் ஆற்றல். ஒரு கிலோவில் ஒரு ஜூல் தங்கினால் அது 1 கிரே. பழைய அலகான ராட், ஒரு கிராமில் 100 எர்க். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால்:

1 கிரே = 100 ராட்
1 சென்டிகிரே = 1 ராட்
1 மில்லிகிரே = 100 மில்லிராட்
1 மைக்ரோகிரே = 0.1 மில்லிராட்
1 கிலோகிரே = 1,00,000 ராட்
10 கிலோகிரே = 1 மெகாராட்

உடலுக்கான பாதிப்பைக் கணக்கில் எடுத்துச் சொல்லும் அலகான சீவெர்ட்டுக்கும், அதன் பழைய அலகான ரெம்முக்கும் இதே நூறுதான். 1 சீவெர்ட் = 100 ரெம், 1 மில்லிசீவெர்ட் = 100 மில்லிரெம், 1 மில்லிரெம் = 10 மைக்ரோசீவெர்ட்.

இந்த மாற்றங்கள் எல்லாம் வரையறைப்படி துல்லியமானவை. தோராயம் எதுவும் கிடையாது. ராண்ட்ஜன் வரும்போதுதான் தோராயம் தலைகாட்டும்.

ராட்டை விட்டு ஏன் கிரேவுக்கு மாறினார்கள்? இன்னும் ராட் ஏன் கண்ணில் படுகிறது?

ராட் 1953-இல் வந்தது. எடை, அளவுகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு 1975-இல் கிரேயையும் 1979-இல் சீவெர்ட்டையும் ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் இயற்பியலாளர் லூயிஸ் ஹெரால்ட் கிரே, ஸ்வீடனின் ரோல்ஃப் சீவெர்ட் ஆகியோரின் பெயர்கள் அவை. ஆனால் அமெரிக்காவில் ரெம்மும் ராட்டும் இன்னும் சட்டபூர்வமாகப் புழங்குகின்றன. அங்கே செய்த, ஓர் இடத்தின் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர்களும், அங்கிருந்து வரும் பாடப்புத்தகங்களும் பழைய அலகைச் சுமந்துகொண்டே இங்கே வருகின்றன. கதிர் சிகிச்சைத் துறை சென்டிகிரேயை விரும்புவதற்கும் இதுவே காரணம்: பழைய சார்ட்டில் 200 ராட் என்றிருந்தால் புதிய சார்ட்டில் 200 சென்டிகிரே. எண்ணைத் தொடவே வேண்டாம்.

ராண்ட்ஜனை எப்படி கிரேயாக மாற்றுவது? 1 ராண்ட்ஜன் = 1 ராட் என்று எழுதலாமா?

ராண்ட்ஜன் டோஸ் அலகே அல்ல. எக்ஸ் கதிரோ காமா கதிரோ காற்றில் எவ்வளவு மின்னூட்டத்தை உண்டாக்குகிறது என்பதன் அளவு அது. ஒரு கிலோ காற்றில் 0.000258 கூலூம் உண்டானால் 1 ராண்ட்ஜன். காற்றில் ஒரு கூலூம் மின்னூட்டத்தை உண்டாக்கச் சராசரியாக 33.97 ஜூல் தேவை. இரண்டையும் பெருக்கினால் கிலோவுக்கு 0.00876 ஜூல் வரும். ஆக 1 ராண்ட்ஜன் என்பது காற்றில் 8.76 மில்லிகிரே, அதாவது 0.876 ராட்.

உடல் திசுவுக்கு இந்த எண் மாறும். கோபால்ட்-60 காமா கதிருக்குத் தசையில் 1 ராண்ட்ஜன் சுமார் 9.6 மில்லிகிரே. எலும்பில், அதுவும் 30-40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவுள்ள மென்மையான எக்ஸ் கதிருக்கு, இதைவிடப் பல மடங்கு வரும். எலும்பிலுள்ள கால்சியமும் பாஸ்பரசும் அந்த ஆற்றலில் கதிரை அதிகமாக விழுங்குவதே காரணம்.

பாதுகாப்புக் கணக்குக்கு '1 ராண்ட்ஜன் ≈ 10 மில்லிசீவெர்ட்' என்று எடுத்துக்கொள்வது சரியே. சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பதால் ஆபத்தில்லாத பக்கம்தான் சாயும். சிகிச்சைக் கணக்கிலோ கருவிக்கு அளவுதிருத்தம் செய்யும்போதோ இதைப் பயன்படுத்தவே கூடாது. காற்றில் சுமார் 14 சதவீதம் கூடுதலாகக் காட்டுவது அங்கே பெரிய தவறு.

சர்வே மீட்டர் மணிக்கு மில்லிராண்ட்ஜன் காட்டுகிறது. படிவத்தில் மைக்ரோசீவெர்ட் கேட்கிறார்கள்.

பத்தால் பெருக்குங்கள். மணிக்கு 1 மில்லிராண்ட்ஜன் ≈ மணிக்கு 10 மைக்ரோசீவெர்ட். மணிக்கு 1 மைக்ரோராண்ட்ஜன் ≈ மணிக்கு 0.01 மைக்ரோசீவெர்ட்.

பத்தை மறந்துவிட்டு 'ஒன்றுக்கு ஒன்று' என்று எழுதுவதுதான் களத்தில் அடிக்கடி நேரும் தவறு. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ரேடியோகிராபி கேமராவில் கதிர்மூலமாக 20 கியூரி இரிடியம்-192 இருக்கிறது. (கியூரி, பெக்கரல் இரண்டும் மூலத்தின் வீரியத்தைச் சொல்லும் அலகுகள்.) அதாவது 740 கிகாபெக்கரல். ஒரு கியூரி இரிடியம் ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 0.48 ராண்ட்ஜன் கொடுக்கும். 20 கியூரிக்கு 9.6 ராண்ட்ஜன், அதாவது மணிக்குச் சுமார் 96,000 மைக்ரோசீவெர்ட். கதிரை ஒரு திசைக்குள் அடக்கும் கொலிமேட்டர் இல்லாமல் மூலத்தை வெளியே தள்ளினால், மணிக்கு 10 மைக்ரோசீவெர்ட்டுக்கு இறங்க எவ்வளவு தூரம் போக வேண்டும்? 96,000-ஐப் பத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 98 மீட்டர்.

இப்போது அந்தப் பத்தை விட்டுவிட்டு, 9,600 மைக்ரோசீவெர்ட் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 31 மீட்டர்தான் வரும். அங்கே கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை மாட்டிவிடுவார்கள். ஆனால் அந்தக் கயிற்றருகே நிற்கும் ஆளுக்கு உண்மையில் மணிக்கு 100 மைக்ரோசீவெர்ட் விழும். கணக்கு எப்படி வந்தாலும் கயிற்றோரம் முழுக்க சர்வே மீட்டரைக் கொண்டுபோய் அளந்து உறுதி செய்யாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. தூரத்தை முடிவு செய்யும் பொறுப்பு கதிரியல் பாதுகாப்பு அலுவலருடையது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இரிடியத்தின் அரை ஆயுள் சுமார் 74 நாள். கேமராவில் ஒட்டியிருக்கும் சான்றிதழின் கியூரி எண் அந்தத் தேதிக்குரியது. இரண்டரை மாதம் கழித்து அதே எண்ணைப் போட்டால் படத்துக்கான எக்ஸ்போஷர் நேரம் பாதியாகக் குறைந்து படம் வெளுத்துப்போகும்.

சட்டைப் பையில் செருகும் பேனா டோசிமீட்டரில் 35 என்று முள் நிற்கிறது. அது எவ்வளவு?

பெரும்பாலான பேனாக்களின் அளவுகோல் 0 முதல் 200 மில்லிராண்ட்ஜன் வரை. அப்படியானால் 35 என்பது சுமார் 0.35 மில்லிசீவெர்ட். வேலை தொடங்கும் முன் முள் எங்கே இருந்தது என்று குறித்திருந்தால் அதைக் கழிக்க வேண்டும். பேனா கீழே விழுந்தால் முள் தாவிவிடும். அப்போது அந்த எண்ணை நம்பாமல், உடையில் மாட்டி பின்னர் ஆய்வகத்தில் அளக்கும் டிஎல்டி பேட்ஜின் முடிவுக்குக் காத்திருங்கள்.

கிரேயும் சீவெர்ட்டும் ஒன்றா?

எக்ஸ் கதிர், காமா கதிர், எலக்ட்ரான் ஆகியவற்றுக்கு எண் ஒன்றாகவே வரும். அதனால் இரண்டும் ஒன்றே என்ற நினைப்பு வந்துவிடுகிறது. உண்மையில் இரண்டு படிகள் நடுவில் உள்ளன.

முதல் படி, கதிரின் வகை. கிரேயைக் கதிருக்கான எடைக் காரணியால் பெருக்க வேண்டும். ஃபோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் 1, புரோட்டானுக்கு 2, ஆல்ஃபா துகளுக்கு 20. நியூட்ரானுக்கு ஆற்றலைப் பொறுத்து சுமார் 2.5 முதல் 20-க்குச் சற்று மேல் வரை. பெருக்கி வருவது ஓர் உறுப்பின் சமான டோஸ்.

இரண்டாம் படி, உறுப்பு. நுரையீரல், இரைப்பை, பெருங்குடல், எலும்பு மஜ்ஜை, மார்பகம் ஒவ்வொன்றுக்கும் 0.12. இனப்பெருக்கச் சுரப்பிகளுக்கு 0.08. தைராய்டு, கல்லீரல், உணவுக்குழாய், சிறுநீர்ப்பைக்கு 0.04. மூளை, தோல், எலும்பின் மேற்பரப்பு, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு 0.01. மீதமுள்ள உறுப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.12. இவற்றால் பெருக்கிக் கூட்டினால் வருவது பயன்விளை டோஸ். இந்த எண்கள் பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையமான ஐசிஆர்பி 2007-இல் வெளியிட்ட பரிந்துரையிலிருந்து வருபவை. பழைய புத்தகத்தில் மார்பகத்துக்கு 0.05 என்றும் இனப்பெருக்கச் சுரப்பிக்கு 0.20 என்றும் இருந்தால் அது 1990-ஆம் ஆண்டுப் பட்டியல்.

ஓர் எடுத்துக்காட்டு: நுரையீரலுக்கு 1 மில்லிகிரே ஆல்ஃபா கதிர். சமான டோஸ் 20 மில்லிசீவெர்ட். 0.12-ஆல் பெருக்கினால் பயன்விளை டோஸ் 2.4 மில்லிசீவெர்ட். ஒரே நிகழ்வுக்கு 1, 20, 2.4 என்று மூன்று எண்கள், மூன்றும் சரி. வெறும் 'மில்லிசீவெர்ட்' என்று எழுதிவிட்டு எந்த டோஸ் என்று சொல்லாவிட்டால் படிப்பவர் என்ன செய்வார்?

கதிர் சிகிச்சையில் 50 கிரே கொடுத்தார்கள். அது 50 சீவெர்ட்டா? 4 சீவெர்ட்டே உயிருக்கு ஆபத்து என்கிறார்களே?

பயப்படுகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. சிகிச்சை டோஸை சீவெர்ட்டாக மாற்றவே கூடாது. சீவெர்ட் என்பது குறைந்த டோஸில், பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கணிக்க உருவாக்கிய அளவு. கட்டியை அழிக்கும் அளவுள்ள டோஸுக்கு அது பொருந்தாது.

உயிருக்கு ஆபத்தான சுமார் 4 கிரே என்பது உடல் முழுவதும், ஒரே நேரத்தில் விழுவது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 240 ஜூல். சிகிச்சையில் 50 கிரே என்பது கட்டியும் அதைச் சுற்றிய சிறு பகுதியும் மட்டும் பெறுவது. ஒரு கிலோ திசு என்று வைத்தால் அதற்கு 50 ஜூல். அதுவும் நாளுக்கு 2 கிரே வீதம் 25 அமர்வுகள், வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். இடையிடையே நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன.

அப்படியானால் 28 கிரே என்றால் எங்கும் 28 கிரேதானே?

ஆற்றல் கணக்கில் ஆம், விளைவுக் கணக்கில் இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு உள்கதிர் சிகிச்சை தரும்போது 7 கிரே வீதம் நான்கு முறை கொடுப்பது ஒரு வழக்கம். கூட்டினால் 28. ஒரு முறைக்கான அளவு பெரிதாக இருப்பதால் விளைவும் கூடும். அதை நாளுக்கு 2 கிரே முறைக்குச் சமமாக்க ஒரு சூத்திரம் உண்டு: மொத்த டோஸை, (ஒருமுறை டோஸ் + ஆல்ஃபா-பீட்டா விகிதம்) ÷ (2 + ஆல்ஃபா-பீட்டா விகிதம்) என்பதால் பெருக்க வேண்டும்.

ஆல்ஃபா-பீட்டா விகிதம் என்பது ஒருமுறை டோஸின் அளவு மாறும்போது ஒரு திசு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதைச் சொல்லும் எண். கட்டிக்கு அந்த விகிதம் 10 என்று எடுத்தால் 28 × 17 ÷ 12 = 39.7 கிரே. தாமதமாகப் பாதிப்பு காட்டும் நல்ல திசுவுக்கு 3 என்று எடுத்தால் 28 × 10 ÷ 5 = 56 கிரே. மலக்குடலும் சிறுநீர்ப்பையும் முழு 7 கிரேயைப் பெறாது என்பதால் அவற்றுக்கு அவை பெற்ற அளவை வைத்துத் தனியாகக் கணக்கிடுவார்கள். வெளிக்கதிர் டோஸையும் உள்கதிர் டோஸையும் அப்படியே கூட்டி எழுதுவது தவறு என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அப்பாவின் பழைய சார்ட்டில் '6000 ஆர்' என்று இருக்கிறது. மறுபடி கதிர் கொடுக்கலாமா என்று டாக்டர் கேட்கிறார்.

மிகப் பழைய தாள்களில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து ராட்டாகவும் இருக்கலாம், ராண்ட்ஜனாகவும் இருக்கலாம். ராட் என்றால் 60 கிரே. ராண்ட்ஜன் என்றால், கோபால்ட் கதிருக்கு சுமார் 57.5 கிரே. முதுகுத்தண்டுவடம் போன்ற உறுப்பில் 45 முதல் 50 கிரேக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளும்போது இந்த இரண்டரை கிரே முக்கியம்.

அலகைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றும் உண்டு: அந்த டோஸ் உடலில் எந்த ஆழத்துக்குச் சொன்னது? தோலுக்கு அடுத்து, டோஸ் உச்சத்தைத் தொடும் ஆழத்துக்கா, கட்டி இருந்த ஆழத்துக்கா? கோபால்ட் இயந்திரத்தில் வழக்கமான 10 க்கு 10 சென்டிமீட்டர் புலத்தில், 10 சென்டிமீட்டர் ஆழத்தில் உச்சத்தின் சுமார் 56 சதவீதம்தான் கிடைக்கும். உச்ச ஆழத்துக்கு 5,000 ராட் என்றால் கட்டிக்கு 28 கிரே மட்டுமே. எனவே சார்ட்டை மட்டும் காட்டாதீர்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், புலத்தின் அளவு, எத்தனை அமர்வு, எந்த இயந்திரம் என்ற விவரம் கிடைத்தால் அதையும் கொண்டுபோங்கள். எந்தத் தாளையும் 'பழசு' என்று எறிய வேண்டாம்.

சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் டிஎல்பி 400 என்று இருக்கிறது. எத்தனை மில்லிசீவெர்ட்?

டிஎல்பி என்பது டோஸை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கி வருவது. அதன் அலகு மில்லிகிரே-சென்டிமீட்டர். ஸ்கேன் செய்த பகுதிக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தலை 0.0021, கழுத்து 0.0059, மார்பு 0.014, வயிறும் இடுப்பும் 0.015. மார்பு ஸ்கேனில் டிஎல்பி 400 என்றால் 400 × 0.014 = 5.6 மில்லிசீவெர்ட். தலை ஸ்கேனில் டிஎல்பி 900 என்றால் 1.9 மில்லிசீவெர்ட்தான். எண் பெரிதாக இருந்தாலும் பயன்விளை டோஸ் குறைவு.

குழந்தைகளுக்குக் காரணியே வேறு. ஒரு வயதுக் குழந்தையின் தலைக்கு 0.0067, பெரியவரைவிட மூன்று மடங்கு. இன்னொரு பள்ளமும் இருக்கிறது: மெஷின் டோஸைக் கணக்கிட்டது 16 சென்டிமீட்டர் மாதிரி உருளையை வைத்தா, 32 சென்டிமீட்டர் உருளையை வைத்தா என்று ரிப்போர்ட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதே ஸ்கேனுக்கு 16 சென்டிமீட்டர் எண், 32 சென்டிமீட்டர் எண்ணைப்போல் சுமார் இரு மடங்கு வரும். குழந்தையின் வயிற்று ஸ்கேனில் இதைப் பார்க்காமல் காரணியால் பெருக்கினால் விடை பாதியாகவோ இரட்டிப்பாகவோ போய்விடும்.

இந்தக் காரணிகள் சராசரி உடலுக்கானவை. இரண்டு ஸ்கேன் முறைகளை ஒப்பிடப் பயன்படும். 'இந்த நோயாளிக்கு 5.6 மில்லிசீவெர்ட்' என்று சான்றிதழ் எழுதப் பயன்படாது.

ஆஞ்சியோகிராம் செய்யும் கேத் லேபில் ஒரு மெஷின் 2.5 என்றும் இன்னொன்று 250 என்றும் காட்டுகிறது. நூறு மடங்கு வித்தியாசமா?

வித்தியாசம் ஏதும் இல்லாமலும் இருக்கலாம். அங்கே மெஷின் காட்டுவது டோஸ்-பரப்புப் பெருக்கம் (டோஸ் × கதிர் விழும் பரப்பு). அதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வோர் அலகு வைத்திருக்கிறது. கிரே-சதுர சென்டிமீட்டரில் 2.5 என்பது மைக்ரோகிரே-சதுர மீட்டரில் 250, சென்டிகிரே-சதுர சென்டிமீட்டரிலும் 250, டெசிகிரே-சதுர சென்டிமீட்டரில் 25, மில்லிகிரே-சதுர சென்டிமீட்டரில் 2,500. நால்வகை மெஷின்கள் உள்ள இடத்தில் பதிவேட்டுப் பக்கத்தின் தலைப்பிலேயே அலகை அச்சிட்டு, எல்லாவற்றையும் கிரே-சதுர சென்டிமீட்டருக்கு மாற்றி எழுதுவது நல்லது.

சிறிய எம், பெரிய எம் குழப்பம் அவ்வளவு பெரிதா?

சிறிய எம் என்றால் மில்லி, பெரிய எம் என்றால் மெகா. மில்லிராட்டுக்கும் மெகாராட்டுக்கும் நூறு கோடி மடங்கு வித்தியாசம். மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் வழக்கமான டோஸ் 25 கிலோகிரே, அதாவது 2.5 மெகாராட். ரத்த வங்கியில் ரத்தப் பைக்குக் கொடுப்பது 25 கிரே, அதாவது 2,500 ராட். இரண்டிலும் '25' இருப்பதால் 'கிலோ' விழுந்துபோனால் கண் கண்டுபிடிக்காது. ஆங்கிலச் சுருக்கத்தை விட்டு முழுச் சொல்லையும் எழுதச் சொல்வது இதனால்தான்.

கர்ப்பம் தெரியாமல் எக்ஸ்ரே எடுத்துவிட்டோம். '10-க்கு மேல் போனால் ஆபத்து' என்று படித்தோம். ரிப்போர்ட்டில் 12 இருக்கிறது!

பழைய புத்தகங்கள் சொல்லும் 10 என்பது 10 ராட். அது 100 மில்லிகிரே. ரிப்போர்ட்டின் 12 பெரும்பாலும் மில்லிகிரே, அதாவது 1.2 ராட். அதுவும் கருவுக்குப் போன டோஸா, தோலில் விழுந்த டோஸா என்று பார்க்க வேண்டும். கருவுக்கு 100 மில்லிகிரேக்குக் கீழே போனதை மட்டும் காரணமாக வைத்துக் கர்ப்பத்தைக் கலைக்கத் தேவையில்லை என்பது ஐசிஆர்பியின் நிலைப்பாடு. அவசர முடிவு எடுக்கும் முன் மருத்துவ இயற்பியலாளரிடம் கரு டோஸைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.

மில்லிகியூரியை கிரேயாக மாற்றித் தருவீர்களா?

நேரடியாக முடியாது. கியூரியும் பெக்கரலும் மூலத்தில் நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்று சொல்பவை. 30 மில்லிகியூரி அயோடின்-131 என்றால் 1.11 கிகாபெக்கரல். அங்கே மாற்றம் முடிந்தது. தைராய்டுக்கு எத்தனை கிரே என்பது சுரப்பியின் எடை, அது எத்தனை சதவீதத்தை இழுத்துக்கொள்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

டிஎல்டி பேட்ஜ் வரம்பை மணிக்கணக்கில் எப்படிப் பார்ப்பது?

அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய வரம்பு: பணியாளருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. ஆண்டுக்கு 2,000 மணி வேலை என்று வைத்தால் 20 மில்லிசீவெர்ட் என்பது மணிக்கு 10 மைக்ரோசீவெர்ட், பழைய மீட்டரில் 1 மில்லிராண்ட்ஜன். பேட்ஜை எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போனால் வரும் எண் அறையின் டோஸ், ஆளின் டோஸ் அல்ல. எந்த அலகு மாற்றமும் அதைச் சரிசெய்யாது.

புதுச்சேரிக் கடற்கரையில் மீட்டர் மணிக்கு 0.1 மைக்ரோசீவெர்ட் காட்டினால் ஆண்டுக்கு எவ்வளவு?

0.1 × 8,760 மணி = 876 மைக்ரோசீவெர்ட், ஏறக்குறைய 0.9 மில்லிசீவெர்ட். இது வெளியிலிருந்து வரும் காமா கதிர் மட்டும். ரேடான் வாயு, உணவு எல்லாம் சேர்ந்த உலகச் சராசரி இயற்கை டோஸ் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட். பொதுமக்களுக்கான 1 மில்லிசீவெர்ட் வரம்பு, இந்த இயற்கை அளவுக்கு மேல் செயற்கை மூலங்களால் சேர்வதற்கு மட்டுமே. மருத்துவப் பரிசோதனைகளும் அதில் அடங்காது. மீட்டர் எண்ணை நேராக அந்த வரம்போடு ஒப்பிட்டால் ஊரே வரம்பைத் தொட்டுவிட்டதாகத் தோன்றும்.